கார்ல ஒடுக்கு விழுந்தா தட்டி எடுக்கறதா, பேனலையே மாத்தறதா?

என் கார் பின் டோர்ல ஒரு ஒடுக்கு. சென்னை தண்டையார்பேட்டைல ஒரு ஷெட்டுல "டோரையே மாத்திடுங்க சார்"னாங்க, அடுத்த தெருவுல "தட்டி பட்டி பார்த்துடலாம்"னாங்க (பட்டின்னா பள்ளத்தை நிரப்பித் தேய்க்கற பேஸ்ட்). கடைசில நானே பார்த்து தட்டி எடுக்கறதுன்னு முடிவு பண்ணேன், அதை எப்படிப் பார்த்தேன்னு இங்க எழுதறேன்.

சைஸைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தாலும் ஆழமில்லாம நடு டோர்ல விழுந்திருந்தா ஈஸியா வந்துடும், சின்னதா பாடி லைன் (டோர் நீளத்துக்கு ஓடற மடிப்புக்கோடு) மேலயோ ஓரத்துலயோ மடிஞ்சு விழுந்திருந்தா தான் கஷ்டம்.

ஸ்டெப் 1: வண்டியைக் கழுவிட்டு மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க. பெயின்ட்ல முடி மாதிரி கூட கோடு இல்லன்னா உள்பக்கமா கம்பி விட்டு நெம்பி எடுக்கற பிடிஆர் வேலையே போதும், பெயின்ட் அடிக்கவே வேணாம். கோடு விழுந்திருந்தா தள்ளிப் போடாதீங்க, காசிமேடு திருவொற்றியூர் பக்கம் உப்புக்காத்துக்கு அந்தக் கோடு வழியாவே துரு உள்ள இறங்கிடும்.

ஸ்டெப் 2: ஃபெண்டர், பானெட், டோர், டிக்கி எல்லாம் போல்ட்ல நிக்கிறது, மாத்தறது சுலபம். பின் க்வார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு), ரூஃப் எல்லாம் வெல்டிங், அறுத்து தான் மாத்தணும், கம்பெனில போட்ட துரு பாதுகாப்பும் அதோட போயிடும். அதனால க்வார்ட்டர் பேனல்னா முடிஞ்சவரை தட்டி எடுக்கவே பாருங்க.

ஸ்டெப் 3: இதைத்தான் யாரும் செய்யறதில்ல, பொறுமையா பாருங்க. வண்டி நிழல்ல நல்லா ஆறினப்புறம் ஒடுக்குக்கு நடுவுல இல்லாம சுத்திவர ஒரு கை தள்ளி ரெண்டு கட்டைவிரலால அழுத்துங்க. எண்ணெய் டின் மாதிரி "டொப்"புன்னு உள்ள போய் வெளிய வந்துச்சுன்னா தகடு இழுபட்டுப் போச்சுன்னு அர்த்தம். வெளித்தகடே முக்கால் மில்லிமீட்டர் தான் இருக்கும், சும்மா தட்டத் தட்ட இன்னும் இழுபடும், சூடு காட்டி சுருக்கத் தெரிஞ்ச டிங்கர் கிடைச்சா சரி, இல்லன்னா மாத்தறது தான் மேல். ஆனா உடனே முடிவுக்கு வராதீங்க, எதிர்ப்பக்க டோர்ல அதே இடத்துல அழுத்திப் பாருங்க, சில வண்டில கம்பெனில இருந்தே கொஞ்சம் லூசா தான் வரும்.

ஸ்டெப் 4: டோரைத் திறந்து மூடுங்க, இடைவெளி மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணும். உள்ள இருக்கற இரும்பு பீம் வளைஞ்சிருந்தா பேச்சே இல்ல, டோரை மாத்துங்க, அது சைடுல இடி வாங்கினா உங்களைக் காப்பாத்தறது.

ஸ்டெப் 5: இன்சூரன்ஸ். க்ளெய்ம் போட்டா இன்ஜின் 1500 சிசி வரை 1000 ரூபா, அதுக்கு மேல 2000 ரூபா நம்ம கையில இருந்து தான் போகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத, அஞ்சு வருஷம் தாண்டி பத்து வருஷத்துக்குள்ள இருக்கற வண்டின்னா இரும்பு பார்ட்ஸ்ல 40 சதவீதம் கழிப்பாங்க. க்ளெய்ம் பண்ணா க்ளெய்ம் போடாத வருஷங்களுக்கு பிரீமியத்துல 50 சதவீதம் வரை கிடைக்கற தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போயிடும், அதனால ஒரே ஒரு ஒடுக்குக்கு நான் க்ளெய்ம் போட மாட்டேன்.

டூல்ஸ்னா எனக்குப் பிடிச்சது துணி சுத்தின சின்ன காந்தம் தான். வேலை முடிஞ்சதும் வெச்சுப் பாருங்க, பிடிக்காம விழுந்தா பட்டியை அப்பி வெச்சிருக்காங்க. ஆன்லைன்ல விக்கற, பசை ஒட்டி ஒடுக்கை வெளிய இழுக்கற புல்லர் கிட் வேணவே வேணாம், ஏற்கனவே ரீபெயின்ட் பண்ண வண்டில பெயின்ட்டையே பிச்சுக்கிட்டு வந்துடும்.

பின்னாடி சேர்த்தது: பம்பர் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. அது பிளாஸ்டிக், சுடுதண்ணி ஊத்தி உள்பக்கமா தள்ளினா பெரும்பாலும் வந்துடும், அந்த வித்தை இரும்புல வேலைக்கு ஆகாது. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல அதே கலர்ல பழைய டோர் வாங்கறவங்க அடி ஓரத்துல தண்ணி வடியற ஓட்டைகிட்ட விரல் விட்டுப் பாருங்க, துரு உதிர்ந்தா வாங்காதீங்க.