மூன்று புத்தகங்களை வைத்துப் பிளவுக் குகையைப் புரிந்துகொள்வது எப்படி?

குகை என்றதும் சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் குடைந்த கூடம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். செக் நாட்டின் கிழக்கே உள்ள பெஸ்கிடி மலைகளின் குகைகள் அப்படி உருவானவை அல்ல. அங்கே மலைச்சரிவே மெல்ல நகர்கிறது. பாறை பிளந்து, ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. ராட்ஹோஷ்ட் மலைமுகட்டில் உள்ள சிரில்கா என்ற குகை 500 மீட்டருக்கும் மேல் நீளம். இதன் வடிவத்தைப் படிக்கத் தெரிந்தால் மலை எந்தப் பக்கம், எப்படி நகர்ந்தது என்பதைச் சொல்லிவிடலாம்.

படி 1: பாறை அடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் மணலும் களியும் மாறி மாறிப் படிந்து இறுகியவை இந்த மலைகள். இப்படிப்பட்ட அடுக்குக்கு ஃபிளிஷ் என்று பெயர். மணற்கல் கெட்டியானது, ஆனால் அதில் செங்குத்தாக விரிசல்கள் ஓடும். இடையில் இருக்கும் களிப்பாறை நனைந்தால் வழுக்கும். அடுக்குகள் சரிவுப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் மேலே உள்ள மணற்கல் பாளம் அப்படியே கீழே நகரத் தொடங்கும். பழைய விரிசல் விரிந்து குகையாகிவிடும்.

படி 2: மேசையில் செய்து பாருங்கள்

மூன்று தடித்த புத்தகங்களை நெருக்கி நிற்க வையுங்கள். கடைசிப் புத்தகம்தான் சரிவின் வெளிப்பக்கம்.

அதை நிமிர்ந்தபடியே விலக்குங்கள். இரு சுவரும் இணையாக நிற்கும் ஒடுங்கிய, உயரமான இடுக்கு கிடைக்கும். பாளம் வழுக்கி நகர்ந்ததன் அடையாளம் இது.

மறுபடி நெருக்கி, இப்போது தலைப்பக்கத்தை மட்டும் வெளியே சாயுங்கள். மேலே அகலம், அடியில் கூர்மை. பாளம் கவிழ்கிறது. உண்மையான மலையில் இந்தத் திறந்த வாயில் பாறைத் துண்டுகள் விழுந்து சிக்கிக்கொள்ளும். அவையே குகைக்குக் கூரை.

கடைசியாக, அடிப்பக்கத்தை மட்டும் வெளியே இழுங்கள். தலை பக்கத்துப் புத்தகத்தில் சாய்ந்து நிற்கும். கூடாரம் போன்ற முக்கோணம்! பாளத்தின் கால் வழுக்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான். கூரையே தேவையில்லாமல் குகை தானாக மூடிக்கொள்கிறது.

படி 3: சுவர்களைப் பொருத்திப் பாருங்கள்

ஒரு சுவரில் புடைப்பு இருந்தால் எதிர்ச்சுவரில் அதற்கேற்ற குழியைத் தேடுங்கள். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் பாளம் வெறுமனே விலகியிருக்கிறது. ஒன்று கீழே இருந்தால் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது.

அப்புறம், ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சில மீட்டருக்கு ஒருமுறை குறுக்குவெட்டை வரையுங்கள். ஒரே குகையில் வடிவம் மாறிக்கொண்டே போகும். வழியும் விரிசல்களைப் பின்பற்றி வளைந்து வளைந்து செல்லும்.

படி 4: வெளியே தேடுங்கள்

முகட்டுக்கு இணையாக நீண்ட பள்ளம் ஓடினால் அடியில் பிளவு இருக்கலாம். குளிர்காலத்தில் இன்னும் எளிது: உள்ளிருந்து வரும் வெப்பக் காற்றால் துவாரத்தைச் சுற்றிப் பனி உருகியிருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்தப் பாறைகள் இன்னும் நகரக்கூடியவை; ஆராய்ச்சியாளர்கள் பிளவுகளுக்குள் கருவி பொருத்தி, மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குவரை அசைவை அளக்கிறார்கள். அனுபவசாலி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்குகின்றன. அப்போது வாசலோடு நின்றுவிடுங்கள்.