புற்றுநோய் மாறிய பிள்ளையின் எடை: தராசுக்கு முன் தையல் நாடா

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் 'தேறிட்டுது' என்று எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன் ஆகிய ஸ்டீரொய்ட்கள் பசியைக் கிளப்பும், தசையைக் கரைக்கும். மருந்து நின்றுவிடும், இரவு பத்து மணி மைலோ நிற்காது.

தராசை மட்டும் நம்பாதீர்கள். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை சரியாகவே காட்டும். தலைக்கோ முழு உடலுக்கோ கதிர்ச் சிகிச்சை வாங்கிய பிள்ளைகளில் இது அதிகம். சட்டையைத் தூக்கி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல் மூச்சை விட்டு முடிக்கும்போது அளவைப் பாருங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், 140 செ.மீ. பிள்ளைக்கு 70க்குக் கீழே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். எடை ஏற ஏற உயரம் அப்படியே நின்றால் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். தைரொய்ட், வளர்ச்சி ஹோர்மோன் பரிசோதனை பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலமஸ் பக்கம் கட்டி இருந்த பிள்ளைக்குப் பசி அடங்காமலே இருக்கலாம். ஏசிப் பயனில்லை.

சோற்றில் கை வைக்குமுன் குடிப்பதைப் பாருங்கள். மூன்று கரண்டி சீனியோடு நாளுக்கு நாலு தேத்தண்ணி என்றால் 12 கரண்டி, ஏறக்குறைய 50 கிராம். ஒவ்வொரு கோப்பையிலும் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் கடைப் போத்தலைத் தேடும். போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மி.லீ.க்கு 11 கிராமுக்கு மேல் சீனி. பிட்டில் தேங்காய்ப்பூ போதும், சொதிக்குப் பதில் மீன் குழம்பு வையுங்கள். எருமைத் தயிர் நல்லது; மேலே ஊற்றும் பாணிதான் வில்லங்கம். தசை வளர ஒவ்வொரு வேளையும் மீன், முட்டை, பருப்பு ஏதாவது ஒன்று வேண்டும்.

ஓடச் சொல்லுமுன், குதிக்காலில் பத்து அடி நடக்கவிட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், நடக்கும்போது சிலிப்பர் கழன்று கழன்று போனால், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பைத் தாக்கியிருக்கலாம், பிசியோதெரபி வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையைக் கல்லடிக் கடற்கரை மணலில் நடக்க வைக்காதீர்கள், தடுக்கி விழும். வெயில் தாழ்ந்ததும் சமமான ரோட்டில் பத்து நிமிடம் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு மணித்தியாலத்துக்குக் கொண்டுவாருங்கள். டொக்சோருபிசின், டோனோருபிசின் என்ற புற்றுநோய் மருந்துகள் ஏறிய பிள்ளை பாரம் தூக்குமுன் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்திருக்க வேண்டும். இதயத் தசையை அவை பலவீனமாக்கக்கூடும்.

ஸ்டீரொய்ட் இன்னும் போய்க்கொண்டிருந்தால் எடைக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மெலிய வைக்கும் என்று விற்கும் மாப் பக்கெட்டும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் நோயையும் சிகிச்சையையும் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைக் கொண்டுபோங்கள். என்னென்ன மருந்து, கதிர் எந்த இடத்துக்கு, எத்தனை கிரே (கதிரின் அளவு) என்று பார்த்துத்தான் சீனி, கொழுப்பு, பிரஷர் எப்போது பார்ப்பது என்று டொக்டர் முடிவெடுப்பார். மார்கழி வெள்ளத்தில் அலுமாரி அடித்தட்டுக் காகிதம் மிஞ்சாது. இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.