கிச்சன் சுவர எடுத்த கதை – என் அனுபவம்

தண்டையார்பேட்டைல எங்க ஃபிளாட் பழசு, கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கிற சுவர எடுத்தா காத்தாவது வரும்னு வீட்ல ஒரே நச்சரிப்பு. மேஸ்திரி தட்டிப் பாத்துட்டு "நாலரை இஞ்ச் தான்ணா, ஒரே நாள்ல கிளீன்"னுட்டாரு. நாலரை இஞ்ச்னா பெரும்பாலும் வெயிட் தாங்காத வெறும் பார்ட்டிஷன் தான், ஆனா பில்லர், பீம் வச்சுக் கட்டினதா இருந்தா மட்டும், சுவர் மேலயே ஸ்லாப் (மேல்தள கான்கிரீட்) உக்காந்திருக்கிற பில்டிங்ல இந்தக் கணக்கு செல்லாது. அதனால பில்லர், பீம் எங்க இருக்குன்னு காட்டுற ஸ்ட்ரக்சுரல் டிராயிங் ஜெராக்ஸ் தேடிப் புடிச்சு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டி, இந்தச் சுவர எடுக்கலாம்னு லெட்டரா எழுதி வாங்கினேன். அசோசியேஷன் செகரட்டரி என்ஓசிக்கு (ஆட்சேபணை இல்லன்னு தர்ற லெட்டர்) மூஞ்ச தூக்கிட்டு இருந்தவரு, லெட்டர பாத்ததும் கையெழுத்து போட்டாரு. மாநகராட்சி மண்டல ஆபீஸ்லயும் டிராயிங்க காட்டி பர்மிஷன் வேணுமான்னு ஒரு தடவ கேட்டுக்குங்க. பில்லர், பீம், வெளிச்சுவர், பால்கனின்னு கை வச்சா அது வேற கதை.

சிங்க்க ஹால் பக்கம் தள்ளலாம்னு வீட்ல ஆசை, நான் ஒத்துக்கல, கீழ் வீட்டு பெட்ரூம் மேல தண்ணி பைப் போனா நாளைக்கு ஒழுகி சண்டை தான் வரும்.

சுத்தியல் வேணாம்னு கட்டர் வச்சே அறுக்கச் சொன்னேன், அதுக்கு முன்னாடி சுவத்துக்குள்ள போற ஒயர எலக்ட்ரீஷியன் மாத்திட்டாரு. இடிச்ச கல்லு மண்ண தெருவோரம் கொட்டாதீங்க, ஃபைன் போடுவாங்க, கட்டடக் கழிவுக்குன்னே கொடுங்கையூர்ல மாநகராட்சி இடம் வச்சிருக்கு. சுவர் இருந்த எடத்துல தரைல டைல்ஸ் இல்லாத பட்டை, பழைய டைல்ஸ் மேட்ச் ஆகல, கறுப்பு கிரானைட் பட்டை போட்டாச்சு.