இரைப்பை அறுவைக்குப் பின் முதல் ஆண்டு: ஒரு தையற்காரியின் குறிப்புகள்

தையற்கடையில் நாங்கள் வைத்திருக்கும் அளவு நாடா 60 அங்குலம். 2021 தீபாவளிக்கு எனக்கு ஒரு சுடிதார் வெட்டலாம் என்று இடுப்பைச் சுற்றி அதைப் பிடித்தேன். இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவில் நான்கு விரல் இடைவெளி. கோலாலம்பூர் செந்தூலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊராரின் உடம்பை அளந்துவரும் நான், அன்று ஒரு துண்டு நூலை எடுத்து அந்த இடைவெளியை அளந்து கூட்டிக்கொண்டேன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 124 கிலோ. இனிப்புநீருக்கு நாளுக்கு இரண்டு முறை இன்சுலின். இரவில் மூச்சு அடைத்து அடைத்து எழுந்ததால், முகமூடி போட்ட மூச்சு இயந்திரத்தோடுதான் உறக்கம்.

2022 ஆகஸ்டில் இரைப்பைச் சுருக்க அறுவை செய்துகொண்டேன். அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிற பெண்கள், துணி கொடுக்க வந்த சாக்கில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவர் சொல்லும் இடத்தில் அவர் பேச்சையே கேளுங்கள். நம் வீட்டு அடுப்படிக்கும் பூசையறைக்கும் அவர் வருவதில்லை. அந்த இடங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முடிவெடுப்பதற்கு முன்

யாருக்கு இந்த அறுவை பொருந்தும் என்பதற்கு உடல் நிறைக் குறியீடு ஒரு கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். எனக்கு அது ஏறக்குறைய 50 வந்தது. 1991இல் அமெரிக்காவில் வகுத்த பழைய விதிப்படி 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே வேறு நோயும் இருந்தால் அறுவை செய்யலாம். 2022இல் உலக அறுவை மருத்துவச் சங்கங்கள் அதைத் தளர்த்தின. 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு இன்னும் குறைந்த அளவிலேயே கொழுப்பின் கேடு தொடங்கிவிடுவதால் 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. உங்களுக்கு எது ஏற்றது என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்குச் செய்ததில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி ஒரு வாழைப்பழம்போல நீண்ட குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் உண்டாகிறது. அதனால் வயிறு சிறுத்ததோடு பசியும் அடங்கியது. இன்னொரு முறை மாற்றுப்பாதை அறுவை. அதில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்கு, குழாய் வடிவ அறுவை அந்த எரிச்சலைக் கூட்டிவிடலாம். உங்களுக்கு இரவில் புளித்த ஏப்பம் வருமானால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அறுவை என்பதையே அது மாற்றக்கூடும்.

மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற அரசு சார்ந்த இடங்களில் காத்திருக்க வேண்டும். தனியாரில் காத்திருப்பு குறைவு, செலவு அதிகம். காப்புறுதி இருந்தால், உடற்பருமன் அறுவைக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டிவிட்டுத் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் மிகக் குறைந்த உணவு தருவார்கள். கொழுப்பேறிய கல்லீரலைச் சுருங்க வைத்தால்தான் அதன் அடியில் இருக்கும் இரைப்பையை மருத்துவரால் எளிதாக அணுக முடியும். "நாளைக்கு அறுவை, இன்றைக்குக் கடைசியாக ஒரு வாழையிலைச் சாப்பாடு" என்று யாராவது அன்பாக அழைப்பார்கள். போகாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும்

துளை வழியாகச் செய்யும் அறுவையில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்புகிறார்கள். அது தோள்பட்டையில் வலியாகத் தெரியும். நடக்க நடக்கக் குறையும். காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் நடைதான் காவல். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், படுத்திருக்கும்போதே படபடவென்று அடிக்கும் இதயம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 999க்கு அழையுங்கள். தையல் பிரிந்து கசிவது அரிது. ஆனால் கசிந்தால் நேரம்தான் எல்லாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் பழைய அளவையே தொடரக்கூடாது. உணவு குறைந்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கும். எனக்கு மருத்துவமனையிலேயே அளவைப் பாதிக்குக் கீழே குறைத்தார்கள். மூன்றாம் மாதத்தில் அடியோடு நிறுத்தினார்கள்.

கிண்ணம்

முதல் நாட்களில் ஒரு தடவைக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் இறங்காது. என் மகளுக்குக் கைக்குழந்தையில் மருந்து புகட்டிய பாலாடையை அம்மா பீரோவிலிருந்து தேடி எடுத்துப் புளிபோட்டு விளக்கி வைத்தார். அதில்தான் தெளிந்த சூப்பும் வெந்நீரும் குடித்தேன். பாலாடையின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு சொட்டு. ஒரு பாலாடை முடியக் கால் மணி நேரம். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பருப்புத் தண்ணீர், மோர். அதன் பின் கூழாக மசித்தது, மெத்தென்று வெந்தது, கடைசியில் நம் வழக்கமான உணவு. இந்தப் படிகள் முடிய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். மருத்துவமனை தரும் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் சமைத்தாலும் அதைப் பார்க்கட்டும்.

இதில் எல்லாரும் தவறும் இடம் புரதம். நாளுக்கு 60 கிராமாவது உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நம் தட்டில் சோறு மலை, மீன் ஒரு துண்டு. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் மீன், முட்டை, கோழி, தயிர். அடுத்து காய். இடம் மிஞ்சினால் இரண்டு கரண்டி சோறு. சைவர்கள் சோயாவில் செய்யும் தெம்பேயையும் தௌபூவையும் தயங்காமல் அடுப்படிக்குள் கொண்டுவாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டையும் நம் ஆட்கள் மலாய்க்காரர் உணவு, சீனர் உணவு என்று ஒதுக்குவதைப் பார்க்கிறேன். தெம்பேயை மிளகு, சோம்பு போட்டுப் பிரட்டிப் பாருங்கள். என் மாமியார் இப்போது அவராகவே கேட்டு வாங்குகிறார்.

சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மெல்லுவதற்கு எனக்கு உதவியது ஒன்றே: ஒரு வாய் எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவது. கையால் பிசைந்து சாப்பிடும்போது அடுத்த கவளம் தானாக உருண்டுவிடுகிறது. அதனால் முதல் ஆறு மாதம் சிறு கரண்டிக்கு மாறினேன். மாவுப் பண்டங்கள் குழாயில் அடைத்துக்கொள்ளும். ரொட்டி சானாய் ஒரு விள்ளல் அவசரமாக விழுங்கி, நெஞ்சில் கல் வைத்ததுபோல அரை மணி நேரம் சுவரைப் பிடித்து நின்றேன். வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. அப்படி நேர்ந்தால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து நின்று மெல்ல நடங்கள்.

பால்தேநீரான தே தாரிக்கும் மைலோவும் அடைக்காது. வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் அவை ஆபத்து. கெட்டிப்பாலின் இனிப்பு முழுவதும் உடம்பில் சேரும், வயிறு நிறைந்த உணர்வும் வராது. எடை இறங்காமல் நின்றுவிட்டது என்று என்னிடம் வருந்துகிற பத்துப் பேரில் பலரும் மாமாக் தேநீர்க்கடைக் கோப்பையைத்தான் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

விருந்துகளில் என்ன செய்வது? திருமண வீட்டில் இலைக்கு முன் உட்காருங்கள். பரிமாறுகிறவரிடம் கையை மறித்து "கொஞ்சம் போதும், அண்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அத்தை, "இவ்வளவுதானா? வீட்டில் ஏதும் சண்டையா?" என்று கேட்டார். அறுவையைப் பற்றிச் சொன்னேன். மறைத்திருந்தால் ஒவ்வொரு விருந்திலும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

விரதம்

இதை நான் விழுந்து எழுந்து தெரிந்துகொண்டேன். அறுவை முடிந்து நான்கு மாதம். 2023 பிப்ரவரி 5 தைப்பூசம். டிசம்பரிலேயே 48 நாள் விரதம் தொடங்கினேன். முருகன் என்னைக் காப்பாற்றியதாக நினைத்தேன், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். ஒருவேளை மட்டும் உணவு. சத்து மாத்திரையின் உறை மாட்டின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்தது என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டேன். ஒருவேளைதானே என்று கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவேன், வாந்தி வரும். மறுநாளும் வரும்.

மூன்றாவது வாரம், ஒரு மாலை, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி ஓடுகிறது. நான் மிதியை அழுத்துவதாக எனக்குத் தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தேன். வலது பாதம் மிதியின் மேல்தான் இருந்தது. கால் விரல்கள் மரத்துக் கிடந்தன. எழுந்தபோது தரை ஆடியது.

பி1 என்ற தயமின் சத்து உடம்பில் சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். சாப்பாடும் குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்து நரம்பும் மூளையும் கெடும். எனக்கு ஊசியாகப் போட்டார்கள். கால் உணர்வு முழுவதும் திரும்ப இரண்டு மாதம் ஆனது. தாமதித்திருந்தால் திரும்பாமலே போயிருக்கலாம். இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அறுவை நடந்தது தெரிந்தால்தானே செய்வார்கள்.

விரதம் இருக்கவே கூடாதா? முதல் ஆண்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிறகு இருந்தால், சைவமாக, ஆனால் ஐந்தாறு முறை பிரித்துச் சாப்பிடுங்கள். மாத்திரையை விடாதீர்கள். உறை இல்லாத, மென்று தின்னும் வகைகளும் தாவர உறை போட்டவையும் மருந்தகத்தில் கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள். பி12, இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி இவை வாழ்நாள் முழுவதும் தேவை. இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையோடு தேநீரும் வேண்டாம்.

துணி

இங்கே என் தொழிலைக் கொண்டு பேசுகிறேன். முதல் ஆறு மாதம் புதுத்துணி வாங்காதீர்கள். மாதம் ஓர் அளவு இறங்கும். நாடா கட்டும் சல்வாரும் சேலையும் போதும். பழைய சுடிதாரின் பக்கத் தையலைப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம்வரை உள்ளே பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் அக்குள் இழுத்து, தோள் சரிந்து தொங்கும். தோள் இறங்கிவிட்டால் பக்கத்தைத் தொடாதீர்கள். பிரித்துப் புதிதாக வெட்டுவதுதான் சரி. இரவிக்கைக்குக் கொக்கி ஒரே வரிசை. அது மாட்டும் கண்களை மட்டும் முக்கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

எடை இறங்கியதும் வயிற்றுத்தோல் மடிந்து தொங்கும். பாவாடையின் மெல்லிய நாடா அந்த மடிப்பின் அடியில் அறுக்கும். நம் ஊரின் வெக்கையில் அந்த இடம் வியர்த்துப் புண்ணாகும். நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பருத்திப் பட்டை வைத்து, மடிப்புக்கு மேலே கட்டுங்கள். குளித்ததும் மடிப்பை விரித்துத் துடைத்து உலர விடுங்கள். சிவந்து அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், களிம்பு வேண்டும். தோலை நீக்கும் அறுவை வேண்டுமானால், எடை ஒரு நிலைக்கு வந்த பிறகே.

மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொத்தாக உதிரும். பயப்பட வேண்டாம், புரதம் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்ததும் கருமுட்டை வெளிப்படுவது சீராகி எதிர்பாராமல் கரு நிற்பதுண்டு.

பிறகு

பதினெட்டு மாதத்தில் 86 கிலோவுக்கு வந்தேன். இப்போது 90. கொஞ்சம் ஏறுவது இயல்பு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் உடைந்துபோகவில்லை. 90 கிலோவும் அதிகம்தான். ஆனால் இன்சுலின் இல்லை. மூச்சு இயந்திரம் அலமாரியில் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார முடிகிறது. 2024 தைப்பூசத்துக்குச் செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போய் 272 படிகளையும் ஏறினேன். மூன்று இடத்தில் நின்றேன். கையில் பால்குடம் இல்லை, என் மகளின் கை இருந்தது.

மனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். துயரம் வந்தால் முன்பு முறுக்கு டப்பாவைத் திறப்பேன். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. சிலருக்கு அந்த இடத்தில் மது வந்து உட்காருகிறது, அதுவும் இந்த அறுவைக்குப் பின் மது விரைவாகத் தலைக்கேறும். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். நான் நான்கு முறை போனேன். நான்காவது முறைதான் அழுதேன்.

முதல் ஆண்டு முடிந்ததும் பலர் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நாட்காட்டியில் அறுவை நடந்த மாதத்தையே அதற்கு ஒதுக்குங்கள், மறக்காது. என்னிடம் துணி தைக்கும், இதே அறுவை செய்துகொண்ட இருவருக்கும் ஆகஸ்டுதான். மூவரும் ஒரே நாளில், காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நிற்கிறோம்.