டிஸ்க் பிரேக் மெத்தென்று அமுங்குகிறதா? ஆயில் பாட்டிலைத் திறக்கும் முன்

எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளில், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் லிவர் மெத்தென்று அமுங்கி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டால், யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான்: "ஏர் ஏறியிருக்கு, ப்ளீட் பண்ணிடு." அதாவது, ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்று என்கிறார்கள். பல சமயம் அது சரிதான். ஆனால் ஏரே இல்லாத பிரேக்கில் ஏர் எடுக்கப் போய், நல்ல ஆயிலைச் சிந்தி, டிஸ்க்கைக் கவ்வும் பேடையும் எண்ணெயாக்கி வைப்பவர்கள் நிறைய.

முதலில் லிவரை நிதானமாகப் பிடித்துப் பாருங்கள். அது வெகுதூரம் வந்தாலும், பேட் டிஸ்க்கைத் தொட்டதும் கல் மாதிரி நின்றுவிட்டால் ஏர் இல்லை. பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் அதிகம் உள்ளே போயிருக்கலாம். தொட்ட பிறகும் அமுங்கிக்கொண்டே போகிறது, நாலைந்து முறை படபடவென்று அடித்தால் கெட்டியாகிறது, சற்று நேரம் விட்டால் பழையபடி ஆகிறது என்றால் அது பெரும்பாலும் ஏர். அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போதே லிவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் லிவருக்குள் இருக்கும் சீல் போய்விட்டது. அதற்கு எத்தனை முறை ப்ளீட் செய்தாலும் பிரயோஜனமில்லை.

ஏர் மாதிரியே ஏமாற்றுவது இன்னொன்று உண்டு. பேடும் பிஸ்டனும் உட்கார்ந்திருக்கும் காலிபருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, டிஸ்க் ஓடும் இடுக்கு வழியாகப் பாருங்கள். லிவரை இழுக்கும்போது இரண்டு பேடும் ஒரே நேரத்தில் வந்து தொட வேண்டும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வந்து டிஸ்க்கை மறுபக்கம் தள்ளினால், உங்கள் விரலுக்குத் தெரியும் அந்த மெத்தென்ற ஓட்டம் டிஸ்க் வளைகிற ஓட்டம்தான். காலிபரின் இரண்டு போல்ட்டையும் லூஸ் செய்து, லிவரை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி டைட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறமும் ஒரு பக்கம் சோம்பினால் அந்தப் பிஸ்டனில் அழுக்கு. பேடைக் கழற்றி, பிஸ்டனைச் சற்றே வெளியே வரவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பிரேக்கில் இருக்கும் அதே ஆயிலில் ஒரு சொட்டு விட்டு உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். பீங்கான் பிஸ்டன் உள்ள மாடல்கள் உண்டு, ஓரம் உடைந்தால் காலிபரையே மாற்ற வேண்டியதுதான். டயர் கழற்றும் பிளாஸ்டிக் லிவரே போதும்.

சரி, ஏர்தான் என்று தெரிந்துவிட்டது. இனிதான் பெரிய தவறு காத்திருக்கிறது, ஆயில். நம் ஊர் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் பிரேக் ஆயில் கேட்டால் டாட் (DOT) வகையில் டாட் 3 அல்லது டாட் 4 கொடுப்பார்கள். சிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளில் ஓடுவது மினரல் ஆயில். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சீல் ரப்பரே வேறு. மினரல் பிரேக்கில் டாட் ஊற்றினாலும், டாட் பிரேக்கில் மினரல் ஊற்றினாலும் சீல் உப்பிக் கெட்டுப்போகும், பிறகு கழுவி மீட்பதெல்லாம் நடக்காது. கம்பெனிப் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஸ்ராம் நெடுங்காலம் டாட் மட்டுமே பயன்படுத்தியது, ஆனால் அதன் டிபி8, மேவன் பிரேக்குகள் மினரல். எந்த ஆயில் என்பதைப் பிரேக்கில் பொறித்திருப்பதையோ மேனுவலையோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டாட் 5.1 என்றிருந்தால் டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், முற்றிலும் வேறு சரக்கு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் விரலை எடுக்காமல் இறங்கி, மேலே நன்றாக இருந்த லிவர் பாதி வழியில் தளர்ந்து, ஆறியதும் திரும்பிவிட்டால் அது ஆயில் கொதித்த கதை. டாட் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புதிதாக 260 டிகிரி தாங்க வேண்டிய டாட் 5.1-க்கு, ஈரமேறிய நிலையில் தர விதி கேட்பது 180 மட்டுமே. மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது, ஆனால் உள்ளே நுழைந்த தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில், சூடான காலிபரிலேயே போய்த் தங்கி, நூறு டிகிரியையொட்டிக் கொதிக்கும். இப்படிப்பட்ட பிரேக்கில் குமிழி தேடுவது வீண் வேலை, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிது நிரப்புங்கள்.

ப்ளீட் செய்யும்போது சக்கரத்தையும் பேடையும் கழற்றாமல் ஆரம்பிப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஒரு சொட்டு போதும், பேட் போச்சு. எண்ணெய் குடித்த பேடை கேஸ் அடுப்பில் காட்டி மீட்கும் வித்தையெல்லாம் வேண்டாம், புதிது வாங்குவதே மலிவு. பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி, அவை வெளியே வராதபடி நடுவில் ப்ளீட் பிளாக் என்ற கட்டையை வைத்துவிட்டுத்தான் ஆயில் ஏற்ற வேண்டும். பிஸ்டன் வெளியே நிற்கும்போது நிரப்பினால் ஆயில் அளவுக்கு மீறும், புதுப் பேட் போட்டதும் டிஸ்க்கை உரசும்.

சிமானோவில் லிவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, மேலே புனல் மாட்டிவிட்டு, காலிபர் பக்கம் இருக்கும் நிப்பிள் (ஆயில் ஏற்றும் வாய்) வழியாக ஊசியால் (சிரிஞ்ச்) மெதுவாக ஆயில் ஏற்றுங்கள். வேகமாக அழுத்தினால் ஊசிக்குள் இருக்கும் குமிழியும் சேர்ந்து போகும். நிப்பிளை மூடிய பிறகு அவசரப்பட்டுப் புனலைக் கழற்றிவிடாதீர்கள். ஸ்பேனரின் பிடியால் காலிபரையும் ஹோஸையும் தட்டுங்கள், லிவரைச் சின்னச் சின்னதாகச் சொடுக்குங்கள், லிவரை 30 டிகிரி மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். அடம் பிடித்த குமிழிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புனலில் எழும். லிவர் முனையில் இருக்கும் ப்ளீட் ஸ்க்ரூ சின்னது, அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும்.

ராத்திரி முழுக்க லிவரை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தால் காலையில் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் குமிழி வெளியே போயிருக்காது, மேலே ஏறி லிவருக்குள் இருக்கும் ஆயில் தொட்டிக்குள் ஒதுங்கியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் திரும்பி வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கையையும் லிவரையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஹோஸ் சேரும் இரண்டு இடத்திலும் நிப்பிளிலும் டிஷ்யூ சுற்றி, லிவரை இறுக்கமாகக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். டிஷ்யூ காய்ந்தே இருந்தால் பேடையும் சக்கரத்தையும் மாட்டி, பேட் டிஸ்க்கைத் தொடும் வரை லிவரை அடித்துவிட்டு, சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே மலைப் பக்கம் போங்கள்.