நியூசிலாந்தின் பேப்பர் ரோடு: சாலை தரையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது

கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்த புதிதில், ஆற்றோரமாகப் போன ஒரு டயர்த் தடத்தை நம்பி பைக்கை விட்டேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், குவாட் பைக்கில் ஒரு விவசாயி வந்து மறித்தார். "இது பொதுச் சாலைதானே?" என்றேன். அவர் கோபப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மண்டிக்கிடந்த கோர்ஸ் முள்ளைக் காட்டி, "சாலை அங்கே இருக்கிறது. நீங்கள் நிற்பது என் மேய்ச்சல் நிலம்" என்றார். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

19ஆம் நூற்றாண்டில் நிலத்தைப் பிரித்தபோது, சர்வேயர்கள் பல இடங்களில் சாலைக்கென ஒரு செயின் அகலம், அதாவது சுமார் 20 மீட்டர், ஒதுக்கிக் கோடு போட்டார்கள். பல கோடுகளில் இன்றுவரை ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டவில்லை. இப்படிப் போடாமல் விட்ட சாலை நாடு முழுக்க ஏறத்தாழ 56,000 கிலோமீட்டர். உள்ளூரில் 'பேப்பர் ரோடு' என்பார்கள். நம்மூர் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கும், போய்ப் பார்த்தால் வாழைத்தோப்பாக இருக்குமே, அந்தக் கதைதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுவும் தார்ச்சாலையும் ஒன்று. பக்கத்து நிலக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தச் சாலைகளில் பைக் ஓட்டக் கிளம்பும் முன் நான் பார்ப்பவை இவை.

படி 1: வண்டியின் காகிதங்கள்

சாலை என்றால் சாலை விதிகளும் கூடவே வரும். பதிவு, வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். நம்பர் பிளேட் இல்லாத மோட்டோகிராஸ் வண்டிக்கு இங்கே இடமில்லை.

படி 2: கோட்டைக் கண்டுபிடிப்பது

பொது அணுகலுக்கென்றே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது: ஹெரெங்கா ஆ நூக்கு. அவர்களுடைய இலவச இணைய வரைபடத்தில் போடாத சாலைகளும் தெரியும். செயற்கைக்கோள் படத்தின் மேல் அதை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் தடமும் சட்டக் கோடும் எங்கே பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் மாட்டியது அப்படி ஒரு பிரிவில்தான். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும், வரைபடக் கோடும் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். 20 மீட்டர் அகலத்தில் ஓரத்தை ஒட்டி ஓட்டினால் வம்பு.

படி 3: ஆற்றோரப் பட்டை எந்த வகை?

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆற்றோரம் 20 மீட்டர் பட்டை தெரிந்தாலே 'குவீன்ஸ் செயின், எல்லாருக்கும் பொது' என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரே சட்டம் கிடையாது. அந்தப் பட்டை போடாத சாலையாக இருந்தால் பைக் போகலாம். 1987 பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒதுக்கிய 'மார்ஜினல் ஸ்ட்ரிப்' என்றால், உங்களுக்குள்ள உரிமை நடந்து போவதற்குத்தான். நீர்க்கரையோரம் ஒதுக்கிய 'எஸ்பிளனேட்' வகை என்றால் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, போட்ட விதியைப் பார்க்க வேண்டும். தரையில் மூன்றும் ஒரே புல், ஒரே கல். வரைபடத்தில் அந்தப் பட்டையைத் தொட்டு வகையைப் படித்த பிறகே கிளம்புங்கள்.

படி 4: ஆற்றுப்படுகை

வைமகரிரி, ரகாயா போன்ற ஆறுகள் பல கிளைகளாகப் பின்னி ஓடுபவை. கல் மேடுகள் பரந்து கிடக்கும், பார்த்தாலே கை துறுதுறுக்கும். ஆனால் படுகை முழுவதும் அரசுடையது அல்ல. சில பகுதிகள் அரசிடம், சில கரையோர நிலக்காரரிடம். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்தால் ஓரத்துச் சாலையும் கூடவே போய்விடும். கோடு தண்ணீருக்குள் முடிந்தால், மேய்ச்சல் நிலத்துக்குள் சுற்றிப் போக உரிமை தானாக வராது. அங்கே மட்டும் நிலக்காரரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 5: கவுன்சிலுக்கு ஒரு போன்

சுற்றுச்சூழலையோ சாலையையோ காக்க, போடாத சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்த கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கேட்டுவிடுங்கள். வழியில் கேட் இருந்தால் திறந்து, போய், இருந்தபடியே விடுங்கள். சாலைக்குக் குறுக்கே பூட்டு தொங்கினால் வெட்டாதீர்கள். படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் பூட்டை வெட்டியவர் என்ற பெயர் வேண்டாம்.

படி 6: செப்டம்பர் முதல் ஜனவரி வரை கல்லை விட்டு விலகுங்கள்

சட்டம் விட்டாலும் இந்த மாதங்களில் நான் படுகையில் இறங்குவதில்லை. அங்கே முட்டையிடும் ரைபில் (wrybill) என்ற, அலகு வலப்பக்கம் வளைந்த சின்னப் பறவை கூடு கட்டாது. கல்லுக்கு நடுவே சின்னக் குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் முட்டை. பைக் மேலிருந்து தெரியவே தெரியாது. ஒருமுறை ஒரு டாட்டரெல் குருவி என் முன்சக்கரத்துக்கு முன்னால் இறக்கையை இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல நொண்டியது. அது நடிப்பு, முட்டையிலிருந்து நம்மைத் திசைதிருப்ப. அப்படிப் பார்த்தால் எஞ்சினை அணைத்து, வந்த டயர் தடத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புங்கள்.

படி 7: கழுவுதல்

ஆற்றுக் கல்லை மூடிப் படரும் டிடிமோ என்ற அந்நியப் பாசி ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போவது நம் டயரிலும் பூட்ஸிலும்தான். சேற்றைத் தட்டி, பாத்திரம் கழுவும் திரவம் 5 சதவீதம் கலந்த நீரால் கழுவி, தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கிறது என்ற பிறகும் 48 மணி நேரம் காயவிட வேண்டும். சனி ஒரு ஆறு, ஞாயிறு வேறு ஆறு என்று திட்டம் போட்டால் அதற்கு நேரம் போதாது. பூட்ஸ் வேண்டுமானால் இரண்டு ஜோடி வாங்கலாம். வண்டி ஒன்றுதானே?