"நெட் போச்சு" என்று போன் போடுவதற்கு முன்னால்

பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. சாயங்காலம் பில் போடுகிற நேரத்தில் பிரின்டர் வேலை செய்யவில்லை, கல்லா கம்ப்யூட்டரில் நெட்டும் இல்லை. லைன் கொடுத்தவருக்கு ஓனர் நாலு தடவை போன் போட்டுத் திட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தால் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நெட் ஜோராக ஓடுகிறது. மாடியில் வைஃபை எட்டவில்லையென்று கடைப் பையன் வீட்டிலிருந்த பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து, கேபிளை அதன் லேன் போர்ட்டில் (கடைக்குள் இருக்கும் கருவிகளை இணைக்கும் துளை) செருகியிருக்கிறான். அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) வழங்க ஆரம்பித்துவிட்டது. கல்லாவுக்கு 192.168.0.12, பிரின்டருக்கு 192.168.1.50. இரண்டும் ஒரே சுவிட்சில்தான் இருக்கின்றன, ஆனால் மூன்றாவது எண் வேறு என்பதால் ஒன்றுக்கு ஒன்று முகம் தெரியாது. பையன் கொண்டுவந்த ரௌட்டரில் டிஹெச்சிபியை (தானாக முகவரி வழங்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன், கல்லாக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான் வேலை.

நெட்வொர்க்கிங் கற்கிறேன் என்று உட்காருகிறவர்கள் முதலில் நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கை மனப்பாடம் செய்கிறார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை, அப்புறம் படிக்கலாம். கடைக்கு முதலில் தேவை ஐபி, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரௌட்டர்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) என்ற நாலும் என்ன செய்கின்றன என்பதுதான். கோளாறு வந்தால் முதலில் கேட்வேயைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு கூகுளின் 8.8.8.8, கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். கேட்வேயே பதில் தராவிட்டால் சிக்கல் பெரும்பாலும் உங்கள் கடைக்குள்தான், 8.8.8.8 வந்து பெயர் மட்டும் வரவில்லையென்றால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் டிஹெச்சிபி கிடைக்கவே இல்லை, கேபிளிலிருந்து தொடங்குங்கள்.

கேபிள் என்றதும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு ஞாபகம் வருகிறது. அங்கே விலை குறைவாக ஒரு கட்டு கிடைத்தால் கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம், அதில் கேமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடாகும், தூரம் போகப் போக வோல்டேஜும் விழும். இன்னொரு தப்பு, கம்பிகளின் கலரை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கினால் போதும் என்ற நினைப்பு. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் 3, 6 பின்களுக்கு ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடிக் கம்பி போகாவிட்டால் கொஞ்சம் நீளமான கேபிளில் லிங்க் விட்டு விட்டுத்தான் வரும். நானே ஆரம்பத்தில் இதில் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன், இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது, அதற்காக யாரிடமும் சண்டை வேண்டாம். வாடிக்கையாளருக்குக் கெஸ்ட் வைஃபையைத் தனியாகக் கொடுங்கள்.

சரி, பிரின்டருக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டீர்களா? அதையும் கேட்வே முகவரியையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள்.